மூளை தயாரிக்கும் ஸ்டீராய்டு பிட்யூட்டரியின் மரபணுவை எப்படித் தொடுகிறது? ஒரு தொடக்க விளக்கம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், ஒழலப்பதி பக்கம் ‘ஸ்டீராய்டு’ என்று யாராவது சொன்னால் கேட்பவர் மனதில் வருவது இரண்டுதான். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் டாக்டர் எழுதித் தரும் பிரெட்னிசோலோன். ஜிம்முக்குப் போகும் பையன்கள் உடம்பேற்றப் போட்டுக்கொள்ளும் ஊசி. இப்போது மூன்றாவதாக ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றுகிறது. மூளையே ஸ்டீராய்டு தயாரிக்கிறதாம்; அது குறைந்தால் பிட்யூட்டரி கெட்டு மாதவிடாய், விந்தணு எல்லாம் தாறுமாறாகிவிடுமாம்; அதற்கென்று மாத்திரை இருக்கிறதாம்.

மூளை ஸ்டீராய்டு தயாரிக்கிறது என்பது உண்மை. பிட்யூட்டரியோடு அதற்குத் தொடர்பு இருப்பதும் உண்மை. ஆனால் அந்தத் தொடர்பு ‘குறைந்தால் கெடும், கூடினால் தேறும்’ என்ற நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. மாத்திரைக் கதைக்கு ஆதாரமே கிடையாது. எது எங்கே பிசகுகிறது என்று தெரிய, அடியிலிருந்து வருவோம்.

ஸ்டீராய்டு என்றால் என்ன?

நான்கு கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு மூலக்கூறு வடிவம். மூன்று வளையங்கள் ஆறு முனை கொண்டவை, ஒன்று ஐந்து முனை. இந்த அடிப்படையில் அமைந்த எல்லாமே ஸ்டீராய்டுதான்: அட்ரீனல் சுரப்பியின் கார்டிசால், சினைப்பையின் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும், விதைப்பையின் டெஸ்டோஸ்டிரோன். உடம்பு இவை அனைத்தையும் கொலஸ்டிராலிலிருந்து செய்துகொள்கிறது.

எல்லாம் கொழுப்பில் கரையும் தன்மை உள்ளவை. செல்லின் மேல்சவ்வும் கொழுப்பால் ஆனது என்பதால், ஸ்டீராய்டு யாரிடமும் அனுமதி கேட்காமல் செல்லுக்குள் நுழைந்துவிடும். பின்னால் வரும் பாதி விஷயங்கள் இந்த ஒரு குணத்திலிருந்து கிளம்புகின்றன.

ஆற்றுத் தண்ணீரும் தோட்டத்துக் கிணறும்

சித்தூர் தாலுகா விவசாயிக்கு ஆழியாற்றுத் தண்ணீர் எப்படி வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அணையைத் திறக்கிறார்கள். எல்லையோரம் மணக்கடவு தடுப்பணையில் அளக்கிறார்கள். 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி அங்கே வந்தாக வேண்டும். தூரத்தில் ஓரிடத்தில் திறந்து, பொது வழியில் ஓடி, ஊரெல்லாம் பாய்வது. இரத்தத்தில் ஓடும் ஹார்மோன் அப்படிப்பட்டது. சினைப்பையிலோ அட்ரீனலிலோ சுரந்து இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. லேபில் இரத்தம் எடுத்துப் பார்ப்பது மணக்கடவில் அளவு பார்ப்பதற்குச் சமம்.

வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் வாய்க்கால் கடைமடை. அங்கே தென்னை பிழைப்பது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பி. அங்கேயே ஊறி, அங்கேயே இறைத்து, அங்கேயே பாய்ச்சுகிற தண்ணீர். மூளை ஸ்டீராய்டு இந்தக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி. மூளை செல் தயாரிக்கிறது, பக்கத்து செல் பயன்படுத்திக்கொள்கிறது. மணக்கடவு அளவுக் கணக்கில் அது ஏறாது. வாய்க்கால் தண்ணீர் மண்ணில் கசிந்து கிணற்றில் ஊறுவதுபோல, இரத்தத்தில் வரும் புரோஜெஸ்டிரோனில் ஒரு பங்கை மூளை எடுத்துத் தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளவும் செய்கிறது. ஆகவே இரண்டும் ஒட்டே இல்லாத தனித்தனி நீர் அல்ல. ஆனால் ஒன்றை அளந்து மற்றொன்றைச் சொல்லிவிட முடியாது.

இது வெறும் ஊகமாக இருந்த காலம் 1981-இல் முடிந்தது. பிரான்ஸின் எத்தியென்-எமில் பொலியூவின் குழு, எலிகளின் அட்ரீனலையும் இனப்பெருக்கச் சுரப்பிகளையும் அகற்றிய பிறகும் மூளையில் டிஎச்இஏ சல்ஃபேட் என்ற ஸ்டீராய்டு குறையாமல் இருப்பதைக் கண்டது. அணையை மூடியும் கிணறு வற்றவில்லை. அப்படி நரம்பு மண்டலத்திலேயே உருவாகும் ஸ்டீராய்டுகளுக்கு நியூரோஸ்டீராய்டு என்று பெயர் வைத்தார்கள்.

மூளைக்குள் தயாரிப்பு எப்படி நடக்கிறது

மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. உடம்பு எடையில் மூளை சுமார் 2 சதவீதம். ஆனால் உடம்பின் கொலஸ்டிராலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. இரத்தக் கொலஸ்டிரால் மூளைக்குள் புக முடியாது, மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. சாப்பாட்டில் கொழுப்பைக் கூட்டினால் மூளை ஸ்டீராய்டு கூடும் என்ற பேச்சு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

முதல் படி, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்குக் கொலஸ்டிராலைக் கொண்டுசேர்ப்பது. பெரும்பாலும் இதுதான் மொத்த வேகத்தையும் நிர்ணயிக்கும் படி. உள்ளே ஒரு நொதி, அதாவது வேதிவினையை நடத்தும் புரதம், 27 கார்பன் கொண்ட கொலஸ்டிராலிலிருந்து 6 கார்பனை வெட்டுகிறது. மிச்சம் 21 கார்பன் உள்ள பிரெக்னனோலோன். எல்லா ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கும் தாய் இதுதான்.

பிரெக்னனோலோன் பல வழிகளில் பிரிகிறது. நமக்கு முக்கியமான வழி: பிரெக்னனோலோன் புரோஜெஸ்டிரோன் ஆகிறது, 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அதை டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோன் ஆக்குகிறது, இன்னொரு நொதி அதை அலோபிரெக்னனோலோன் ஆக்குகிறது. பெயர் நீளமாக இருந்தாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கைக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தரும் ஃபினாஸ்டெரைடு மாத்திரை தடுப்பது இந்த 5-ஆல்ஃபா ரிடக்டேஸைத்தான். அதனால் அந்த மாத்திரை அலோபிரெக்னனோலோன் உற்பத்தியையும் தொடுகிறது.

இதுவரை: மூளை தன் கொலஸ்டிராலிலிருந்து ஸ்டீராய்டு செய்கிறது, இரத்தத்தில் வரும் புரோஜெஸ்டிரோனையும் மாற்றிக்கொள்கிறது. அலோபிரெக்னனோலோன் அவற்றில் முக்கியமானது.

பிட்யூட்டரி: எங்கே, எப்படி

மூளையின் அடியில், மண்டையோட்டு எலும்பின் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும் சுமார் அரை கிராம் எடையுள்ள சுரப்பி. அதன் முன்பகுதியில் ஐந்து வகை செல்கள் இருக்கின்றன. வளர்ச்சி ஹார்மோன், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச், அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வகை. ஐந்தாவது வகை, சினைப்பையையும் விதைப்பையையும் இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் இரண்டையும் சேர்த்துச் சுரப்பது. அதற்கு கொனாடோட்ரோப் செல் என்று பெயர்.

மேலே ஹைப்போதாலமஸ் என்ற மூளைப் பகுதி இருக்கிறது. அங்கிருந்து ஒரு சிறிய தனி இரத்தக்குழாய் வலை நேராகப் பிட்யூட்டரிக்கு இறங்குகிறது. அதன் வழியே ஜிஎன்ஆர்எச் என்ற சமிக்ஞை வந்து கொனாடோட்ரோப் செல்லைத் தட்டுகிறது. அது தொடர்ந்து ஒழுகுவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. வேகமான துடிப்பு எல்எச் பக்கம் சாய்க்கும். மெதுவான துடிப்பு எஃப்எஸ்எச் பக்கம் சாய்க்கும். இடைவிடாமல் கொடுத்தால் சுரப்பு கூடாமல் அடங்கிப்போகும். 1978-இல் குரங்குகளில் எர்ன்ஸ்ட் நோபில் குழு இதைத் தெளிவாகக் காட்டியது. ‘தூண்டும் பொருளைக் கூடக் கொடுத்தால் கூடச் சுரக்கும்’ என்ற எண்ணம் இங்கே செல்லுபடியாகாது.

இன்னொன்று. இரத்தத்தில் வரும் பல பொருள்கள் மூளைக்குள் போகாமல் தடுக்கும் இரத்த-மூளைத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது முன்பிட்யூட்டரி. எனவே அதற்கு ஸ்டீராய்டு மூன்று வழியில் கிடைக்கலாம்: பொது இரத்தத்தில், மேலிருந்து இறங்கும் அந்தத் தனிக் குழாயில், தனக்குள்ளேயே நடக்கும் மாற்றத்தில். 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் பிட்யூட்டரி செல்களிலும் இருக்கிறது.

சுரப்பதும் தயாரிப்பதும் வேறு வேறு

பலரும் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்.

பிட்யூட்டரி செல் ஹார்மோனைச் செய்து சிறு பைகளில் சேமித்து வைக்கிறது. சமிக்ஞை வந்ததும் பைகள் திறந்து ஹார்மோன் சில நிமிடங்களில் இரத்தத்துக்குப் போகிறது. இது சுரப்பு. புதிதாகச் செய்வது வேறு வேலை. அதற்கு டிஎன்ஏ-வில் உள்ள மரபணுவிலிருந்து ஆர்என்ஏ படி எடுக்க வேண்டும், அந்தப் படியைப் பார்த்துப் புரதம் கட்ட வேண்டும். எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு படி எடுக்கப்படுகிறது, எவ்வளவு புரதம் ஆகிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். இதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

ஆகவே ஒரு பொருளைக் கொடுத்த பத்தாவது நிமிடத்தில் எல்எச் ஏறினால் அது சேமிப்பு வெளியேறியது, மரபணுவின் வேலை அல்ல.

எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் இரண்டு துண்டு சேர்ந்தவை. ஆல்ஃபா துண்டு இரண்டுக்கும் பொது. பீட்டா துண்டுதான் வேறு. உற்பத்தியை நிர்ணயிப்பதும் பெரும்பாலும் பீட்டாதான். ஆய்வுகளில் எல்எச்-பீட்டா மரபணு, எஃப்எஸ்எச்-பீட்டா மரபணு என்று தனித்தனியாகப் பேசுவது இதனால்தான்.

ஸ்டீராய்டு மரபணுவைத் தொடும் வழிகள்

முதல் வழி நேரடியானது. ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே அதற்கான ஏற்பி, அதாவது குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் புரதம், காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து டிஎன்ஏ-வில் குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து மரபணுவின் படியெடுப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் புரோலாக்டின் மரபணுவை ஏற்றுவது இந்த வழியில்.

அலோபிரெக்னனோலோன் இதில் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. புரோஜெஸ்டிரோன் ஏற்பியோடு அது நேரடியாக ஒட்டுவதே அரிது. ஆனால் அதை உண்டாக்கிய நொதி பின்திசையிலும் வேலை செய்யும். அலோபிரெக்னனோலோன் மறுபடி டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோன் ஆனால், அது ஏற்பியோடு ஒட்டிக்கொள்ளும். எனவே ஒரே பொருளைக் கொடுத்தாலும், அந்த நொதி இருக்கிற செல்லில் மரபணு அசையும், இல்லாத செல்லில் அசையாது.

இரண்டாவது வழி செல்லின் மேல்சவ்வில் தொடங்குகிறது. மூளையின் முக்கிய அமைதிப்படுத்தும் சமிக்ஞை காபா. காபா-ஏ ஏற்பி ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு வாயில் விட்ட அமைப்பு. காபா வந்து ஒட்டினால் வாயில் திறந்து குளோரைடு அயனி போய் வரும். அலோபிரெக்னனோலோன் இந்த ஏற்பியில் வேறொரு இடத்தில் ஒட்டி, காபாவின் வேலையைப் பலப்படுத்துகிறது. அதற்கு நானோமோலார் அளவு, அதாவது ஒரு லிட்டரில் மோலின் நூறு கோடியில் சில பங்கு, போதும். அதைவிட ஆயிரம் மடங்கான மைக்ரோமோலார் அளவில் காபா இல்லாமலேயே வாயிலைத் திறந்துவிடும். பிரெக்னனோலோன் சல்ஃபேட் இதற்கு நேரெதிர், காபாவைத் தடுக்கும். ‘மூளை ஸ்டீராய்டு’ என்று ஒரே பெயரில் அடைப்பவற்றுள் எதிரும் புதிருமான இரண்டு இருக்கின்றன.

வாயில் திறந்தால் என்ன ஆகும்? வளர்ந்த நரம்பு செல்லில் பொதுவாகக் குளோரைடு உள்ளே வரும், செல் அடங்கும். எலியின் முன்பிட்யூட்டரி செல்கள் பலவற்றில் உள்ளே ஏற்கெனவே குளோரைடு கூடுதலாக இருக்கிறது. வாயில் திறந்ததும் அது வெளியே போகிறது. செல் அடங்குவதற்குப் பதிலாகக் கிளர்ச்சி அடைகிறது. சவ்வின் மின்னழுத்தம் மாறிக் கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் வரிசையாகச் சில நொதிகளைத் தட்டியெழுப்ப, செய்தி உட்கருவுக்குப் போகிறது. அங்கே படியெடுப்பை இயக்கும் புரதங்கள் மரபணுவின் முன்பகுதியில் கூடுகின்றன. எல்எச்-பீட்டாவுக்கு ஈஜிஆர்-1, புரோலாக்டினுக்கும் வளர்ச்சி ஹார்மோனுக்கும் பிட்-1 முக்கியமானவை. மூளையில் தூக்கம் வரவழைக்கும் அதே பொருள் பிட்யூட்டரி செல்லை எழுப்பிவிடக் கூடும் என்பது முதலில் கேட்க விசித்திரமாக இருக்கும். காரணம் ஸ்டீராய்டில் இல்லை, செல்லுக்குள் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்பதில் இருக்கிறது.

மூன்றாவது வழி பிட்யூட்டரியைத் தொடாமலே நடப்பது. ஹைப்போதாலமஸில் ஜிஎன்ஆர்எச் சுரக்கும் நரம்புகளை அலோபிரெக்னனோலோன் காபா வழியாக மாற்றினால், துடிப்பின் வேகம் மாறும். வேகம் மாறினால் கீழே எல்எச்-பீட்டா, எஃப்எஸ்எச்-பீட்டா விகிதம் மாறும். எலிகளின் மூளைக்குள் அதைச் செலுத்தியபோது வெளியேறும் சினைமுட்டைகள் குறைந்தன. முழு உடம்பில் ஒரு மாற்றத்தைப் பார்த்துவிட்டு ‘இது பிட்யூட்டரியில் நடந்தது’ என்று சொல்ல முடியாமல் போவது இந்த வழியால்தான்.

சுருக்கமாக: உள்ளே போய் டிஎன்ஏ-வைத் தொடுவது, சவ்விலிருந்து கால்சியம் வழியாகச் செய்தி அனுப்புவது, மேலிருக்கும் ஹைப்போதாலமஸ் வழியாகத் துடிப்பை மாற்றுவது. உடம்பில் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள், எங்கே தவறுகிறார்கள்

மூன்றையும் பிரிக்க ஒரு வழி, பிட்யூட்டரி செல்களை மட்டும் தட்டில் வளர்ப்பது. எல்எச், எஃப்எஸ்எச் பார்க்க எல்-பீட்டா-டி2 என்ற எலிச் செல்வரிசை. புரோலாக்டின், வளர்ச்சி ஹார்மோன் பார்க்க ஜிஎச்3 என்ற எலிக் கட்டிச் செல்வரிசை. செல்வரிசை என்றால் முடிவில்லாமல் பெருகும் ஒரே வகைச் செல்கள்.

வேலையின் நுணுக்கம் தட்டில் ஸ்டீராய்டு விழுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. செல் வளரும் ஊட்டநீரில் கன்றின் சீரம் கலப்பார்கள். அதில் ஏற்கெனவே ஸ்டீராய்டு இருக்கும், எனவே கரித்தூளில் கலக்கி வடித்த சீரம் வேண்டும். ஊட்டநீருக்குச் சிவப்பு நிறம் தரும் ஃபீனால் ரெட் சாயம் லேசாக ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும், அதனால் சாயமில்லாத நீர் வேண்டும். ஸ்டீராய்டு தண்ணீரில் கரையாது. எத்தனாலிலோ டிஎம்எஸ்ஓ-விலோ கரைத்து, கடைசி அளவு 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் ஊற்றுகிறார்கள். வெறும் கரைப்பான் மட்டும் ஊற்றிய தட்டு ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத முடிவை நம்பக் கூடாது, ஏற்றம் கரைப்பானால் வந்ததா ஸ்டீராய்டால் வந்ததா என்று சொல்ல முடியாது.

பிறகு 1 நானோமோலார், 10, 100 என்று பத்துப் பத்து மடங்காக ஏற்றிக் கொடுத்து, சில மணி நேரம் முதல் ஒரு நாள்வரை வைத்து, ஆர்என்ஏ-வைப் பிரித்தெடுக்கிறார்கள். அதை டிஎன்ஏ-வாக மாற்றி ரியல்டைம் பிசிஆர் கருவியில் ஓட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். குறிப்பிட்ட ஒளியளவை ஒரு மாதிரி மற்றொன்றைவிட ஒரு சுற்று முன்னதாகத் தொட்டால், அதில் படி சுமார் இரண்டு மடங்கு இருந்தது என்று பொருள். செல்லில் எப்போதும் மாறாமல் இருக்கும் ஒரு மரபணுவையும் கூடவே அளந்து கணக்கைச் சரிசெய்வார்கள்.

எந்த வழியில் நடந்தது என்று அறியத் தடுப்பான்கள். காபா-ஏ ஏற்பியை பைகுகுலின் தடுக்கும்; புரோஜெஸ்டிரோன் ஏற்பியை மிஃபெப்ரிஸ்டோன் தடுக்கும். பைகுகுலின் போட்டதும் ஏற்றம் மறைந்தால் இரண்டாவது வழி. ஆனால் மிஃபெப்ரிஸ்டோன் கார்டிசால் ஏற்பியையும் சேர்த்துத் தடுக்கும், அதனால் அதை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் மூன்று குறைகள் தங்கிவிடும். கட்டிச் செல் சாதாரணச் செல் அல்ல. தட்டில் ஜிஎன்ஆர்எச் துடிப்பு இல்லை, ஆராய்ச்சியாளர் வேண்டுமென்றே துடிப்பாகக் கொடுத்தாலொழிய. பல ஆய்வுகளில் விளைவு தெரிவது மைக்ரோமோலார் அளவில். உடம்பில் அந்த அளவு சாதாரணமாக வருவதில்லை. இதற்கு மேல், செல் முன்பே ஈஸ்ட்ரோஜனைப் பார்த்ததா என்பதும் கணக்கில் வரும். புரோஜெஸ்டிரோன் ஏற்பியை உண்டாக்குவதே பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன்தான். ஈஸ்ட்ரோஜன் காணாத செல்லில் கிடைத்த ‘விளைவு இல்லை’ என்ற பதில் ஈஸ்ட்ரோஜன் கண்ட செல்லுக்குப் பொருந்தாது.

‘இந்த ஸ்டீராய்டு புரோலாக்டின் மரபணுவை ஏற்றுகிறது’ என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் எந்தச் செல், எவ்வளவு, எத்தனை மணி நேரம், ஈஸ்ட்ரோஜனோடா இல்லாமலா என்று கேளுங்கள். அந்த நான்கும் இல்லாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளில்லை.

அப்படியானால் மாத்திரை?

அலோபிரெக்னனோலோன் மருந்தாக வந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2019-இல் பிரெக்ஸனோலோன் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது; 60 மணி நேரம் மருத்துவமனையில் இரத்தநாளம் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியிருந்தது. 2023-இல் அதே வகையைச் சேர்ந்த சுரானோலோன் 14 நாள் மாத்திரையாக அனுமதி பெற்றது. கர்ப்பத்தில் மிக உயர்ந்திருக்கும் அலோபிரெக்னனோலோன் பிரசவத்தோடு சரிவதுதான் இதன் பின்னணி. இரண்டும் மூளையின் காபா ஏற்பிக்கானவை. மாதவிடாயைச் சீராக்கவோ பிட்யூட்டரியைத் திருத்தவோ வந்தவை அல்ல.

இணையத்தில் விற்கும் டிஎச்இஏ, பிரெக்னனோலோன் டப்பாக்கள் வேறு ரகம். விழுங்கிய டிஎச்இஏ மூளைக்கென்று தனியாகப் போவதில்லை. உடம்பு அதை ஆண் ஹார்மோனாகவும் ஈஸ்ட்ரோஜனாகவும் மாற்றுகிறது. பெண்களுக்குப் பருவும் முகத்தில் முடியும் வரலாம். ஹார்மோனால் வளரும் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. கருத்தரிப்பு மையங்களில் சிலருக்கு மருத்துவர் டிஎச்இஏ எழுதித் தருவது உண்டு, அது கண்காணிப்போடு செய்வது.

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு

மாதவிடாய் தள்ளிப்போகிறது, குழந்தை தங்கவில்லை என்று கோயம்புத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ போனால் முதலில் எழுதித் தருவது புரோலாக்டின், எல்எச், எஃப்எஸ்எச், டிஎஸ்எச். நியூரோஸ்டீராய்டு அந்தப் பட்டியலில் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. இந்த முடிவுகளைக் கெடுக்கும் சாதாரணக் காரணங்கள் வேறு.

கேஸ் தொல்லைக்கு எல்லோரும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் பான்டாப்ரசோல் கலவையில் டோம்பெரிடோன் இருந்தால் அது புரோலாக்டினை ஏற்றும். புரோலாக்டினுக்குப் பிரேக் போடுவது ஹைப்போதாலமஸிலிருந்து வரும் டோபமைன். டோம்பெரிடோன் அந்த டோபமைனைத் தடுக்கிறது. மூளைக்குள் அது எளிதில் போகாது, ஆனால் பிட்யூட்டரி தடுப்புக்கு வெளியே இருக்கிறதே. சில மனநல மருந்துகளும் இதையே செய்யும். அவற்றை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

புரோலாக்டின் தூக்கத்திலும் பதற்றத்திலும் ஏறும். எழுந்த உடனே கொடுக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, பஸ் இறங்கி ஓடி வந்த மூச்சு அடங்கிய பிறகு கொடுங்கள். கொஞ்சம் கூடுதலாக வந்தால் மறுபடி ஒருமுறை பார்க்காமல் மருந்து தொடங்க வேண்டியதில்லை. முடி உதிர்வுக்கு அதிக அளவு பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிட வேண்டும். பல கருவிகளில் பயோட்டின் இருந்தால் புரோலாக்டினும் டிஎஸ்எச்-சும் பொய்யாகக் குறைந்து தெரியும், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் பொய்யாகக் கூடித் தெரியும்.